ஒரு சாணும் ஒரு மரத் தூரமும்: தோட்டப்புறத்தில் படம் பிடிக்க எந்தக் கேமரா?

போன பள்ளி விடுமுறையில் என் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. கைப்பேசியை என்னிடம் நீட்டி, "மாமா, இதுல மீன்கொத்தி எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க" என்றாள். நீண்ட மின்கம்பி, வெளுத்த வானம், கம்பியின் நடுவில் ஒரு புள்ளி. அதுதான் மீன்கொத்தி. விரலால் தள்ளினேன். அடுத்த படம் பள்ளிக்கூடத்துக் கறிவேப்பிலைச் செடியில் எடுத்தது. பச்சைப் புழு ஒன்று இலையின் ஓரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் முதுகின் முன்பக்கம் இருக்கும் கண் போன்ற புள்ளி வரை தெளிவு.

இரண்டையும் எடுத்தது ஒரே கைப்பேசி, ஒரே ஆள், ஒரே காலைப்பொழுது. ஒன்று உதவாத படம், மற்றது சுவரில் மாட்டி வைக்கலாம் போன்ற படம்.

பள்ளியிலும் சுற்றியுள்ள தோட்டத்திலும் இருக்கிற பறவை, பூச்சி, செடிகளைப் படமெடுத்து வகுப்பின் அறிவியல் மூலையில் ஒட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. 2,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருந்தாள். ஒருவர் நல்ல கைப்பேசி வாங்கு என்றாராம். இன்னொருவர் பெரிய ஜூம் கேமரா என்றாராம். மூன்றாமவர், லென்ஸை மாற்றிக்கொள்ளக்கூடிய பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா போதும் என்றாராம். மூவரும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கப் போகிறாய் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. நான் முதலில் கேட்டது அதைத்தான்.

அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டியவர். செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, நடுவில் வளர்ந்த எனக்குத் தூரத்தை மரக்கணக்கில் சொல்வதுதான் வசதி. செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் சுமார் 9 மீட்டர். அதனால் தோட்டத்துக்குள் எங்கு நின்றாலும் அளவுகோல் கண்ணெதிரிலேயே இருக்கிறது. மீன்கொத்தி இரண்டு மரத் தூரம், கொக்கு ஐந்து மரத் தூரம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பூச்சிக்கும் பூவுக்கும் சாண் கணக்கு. கேமராவைத் தேர்ந்தெடுக்க இந்த இரண்டு அளவைவிட உதவியான ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

எங்கள் ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா. வயதானவர்களுக்கு இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, சுற்றிலும் செம்பனை, நடுவில் ஈயம் தோண்டிய காலத்தில் உண்டான பெரிய குட்டைகள். காட்டுக்குப் போகாமலேயே எடுப்பதற்கு இங்கு எவ்வளவோ இருக்கின்றன. மின்கம்பியில் வெண்தொண்டை மீன்கொத்தி, புல் வெட்டும் இடத்தில் உண்ணிக்கொக்கு, வாய்க்கால் ஓரத்தில் நாம் ருவாக் என்று சொல்கிற வெண்மார்புக் கானாங்கோழி, மறுநடவு செய்த வெட்டவெளியில் அந்தரத்தில் நின்று எலி தேடும் கருந்தோள் பருந்து, வீட்டு வாசல் செம்பருத்தியில் தேன்சிட்டு. இவற்றில் எது எவ்வளவு அருகில் விடும் என்பதை ஒரு வாரம் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவளையும் முதலில் அதைத்தான் செய்யச் சொன்னேன். காசு செலவழிக்காமல் ஒரு வாரம், கையில் ஒரு நோட்டு.

கைப்பேசி எங்கே ஜெயிக்கிறது

செடி என்றால் கைப்பேசி போதும். இதைத் தயக்கம் இல்லாமல் சொல்கிறேன். பெரிய கேமரா வைத்திருக்கும் நானே செடிக்குக் கைப்பேசியைத்தான் எடுக்கிறேன். அதன் உணரி, அதாவது படம் பதியும் சில்லு, மிகச் சிறியது. சிறிய உணரியில் படத்தின் முன்னும் பின்னும் அதிக ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். பூவுக்கு ஃபோகஸ் வைத்தால் பின்னால் இருக்கும் இலையும் ஓரளவு தெளிவாக விழும். செடியை அடையாளம் காண்பதற்கு அதுதானே வேண்டும்? இடமும் நேரமும் தானாகப் பதிவாகிவிடுவது இன்னொரு வசதி. உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் ஏற்றும்போது எந்தச் சாலை, எந்தத் தேதி என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு படம் போதாது. முழுச் செடி, இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டில் இலை சேரும் இடம், பூவைப் பக்கவாட்டில், காய் இருந்தால் காய். ஐந்தாறு படம் எடுத்தால்தான் மற்றவர்கள் பார்த்து இதுதான் என்று சொல்ல முடியும். நடுப்பகல் வெயிலில் எடுக்காதீர்கள். இலை பளபளத்து வெள்ளையாகிவிடும். வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் உங்கள் நிழல் செடிமேல் விழும்படி நின்றுகொள்ளுங்கள்.

வயதான செம்பனையின் அடிமரத்தைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய மட்டையின் அடிப்பகுதி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கில் இலைமக்கும் ஈரமும் தங்கி, பெரணிகள் கூட்டம் கூட்டமாக முளைக்கும். ஒரே மரத்தில் நான்கைந்து வகைச் செடி இருக்கலாம். அக்கா மகளின் மாணவர்கள் ஆளுக்கொரு மரம் எடுத்துக்கொண்டால் ஒரு தவணை முழுக்க வேலை இருக்கும். இதற்குக் கேமராவே தேவையில்லை. அம்மாவின் கைப்பேசி போதும்.

பெரிய பூச்சிகளுக்கும் கைப்பேசி ஈடுகொடுக்கும். பல கைப்பேசிகளில் இப்போது அருகில் எடுக்கும் மேக்ரோ முறை இருக்கிறது. இல்லையென்றால் கவ்விப் பிடிக்கும் சின்ன லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சின்ன லென்ஸுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். புழு காத்திருக்கும். கும்பிடுபூச்சியும் பெரும்பாலும் அசையாது. வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் ஒரு முழத்துக்கு முன்பே பறந்துவிடும். முசுறு எறும்பு, அதாவது நாம் கெரெங்கா என்பது, பறக்காது. ஆனால் அவ்வளவு நெருங்கினால் கையில் ஏறிக் கடிக்கும்.

பறவைக்குக் கைப்பேசி மட்டும் போதாது. ஆனால் ஒரு நல்ல தொலைநோக்கியின் கண்ணாடியில் கைப்பேசியின் லென்ஸை ஒட்டி வைத்து எடுக்கலாம். இது சிரமமான முறை, கை நடுங்கும், வட்டமாகக் கறுப்பு ஓரம் விழும். ஆனாலும் பறவை இன்னதென்று தெரியும் அளவுக்குப் படம் கிடைக்கும். ஸ்கோப் எனும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியின் கண்ணாடியில் டிஜிட்டல் கேமராவை வைத்துப் படமெடுக்கும் இந்த வழியை 1999இல் உலகத்துக்குக் காட்டியவர்களில் முன்னோடி நம் மலேசியரான லாரன்ஸ் போ. பறவை பார்ப்பவர்களுக்கு டிஜிஸ்கோப்பிங் என்றால் அவர் பெயர் நினைவுக்கு வரும். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஏற்கெனவே வீட்டில் தொலைநோக்கி இருந்தால் கேமரா வாங்கும் முன் ஒரு முறை இதை முயன்று பாருங்கள்.

புதிய, விலை கூடிய கைப்பேசி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். படத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். 2,000 வெள்ளிக் கைப்பேசியால் இரண்டு மரத் தூரத்து மீன்கொத்தியை எடுக்க முடியாது. செடிக்குப் பழைய கைப்பேசியே போதும். இரண்டு பக்கமும் கணக்கு உதைக்கிறது.

தூரத்துக்கு ஒரு கேமரா

லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத, ஒரே லென்ஸில் பெரிய ஜூம் கொண்ட கேமராவை பிரிட்ஜ் கேமரா என்பார்கள். நிக்கான் பி950 இந்த வகையில் பலர் அறிந்தது: 83 மடங்கு ஜூம், 35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் 24 முதல் 2000 மி.மீ. வரை, எடை சுமார் ஒரு கிலோ. கேனன் எஸ்எக்ஸ்70 எச்எஸ் 65 மடங்கு, அதைவிட இலேசானது.

2000 மி.மீ. என்றால் என்ன என்று மரக்கணக்கில் சொல்கிறேன். வெண்தொண்டை மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். மூன்று மரத் தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் படத்தின் உயரம் ஏறக்குறைய நிறைந்துவிடும். குட்டையின் மறுகரையில், ஐந்து மரத் தூரத்தில் நிற்கும் உண்ணிக்கொக்கும் அப்படித்தான். இதை வேறு எந்த வழியில் செய்யப் போனாலும் பல ஆயிரம் வெள்ளி ஆகும், தோளும் வலிக்கும். ஈயக்குட்டைக் கரையில் உட்கார்ந்து பறவை மட்டும் எடுப்பேன், பூச்சி எனக்கு வேண்டாம் என்பவருக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் ஏன் அவளுக்கு இதைச் சொல்லவில்லை? வெளிச்சம்தான் காரணம். இந்தக் கேமராக்களில் இருப்பதும் விரல் நகம் அளவு உணரி. சாதாரண டிஎஸ்எல்ஆர் உணரியின் பரப்பு அதைப் போல சுமார் 12 மடங்கு. முழு ஜூமில் லென்ஸின் வாயும் சுருங்கிவிடும். பி950இல் எஃப் 6.5 (இந்த எண் கூடக் கூட வாய் சிறிது). வெட்டவெளியில் காலை எட்டரை மணிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் வளர்ந்த செம்பனைக்குள் நுழைந்துவிட்டால் பகலிலும் அந்தி போல இருக்கும். அங்கே உணரியின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600, 3200 என்று ஏற்ற வேண்டி வரும். ஏற்றினால் படத்தில் புள்ளி விழும். இறகின் கோடுகள் கரைந்து, நீரில் நனைந்த ஓவியம் போல ஆகிவிடும். ஒரு நண்பரின் கேமராவை இரவல் வாங்கி, செம்பனை நிழலில் பகலில் உறங்கிக்கொண்டிருந்த கூகை ஒன்றை எடுத்தேன். உருவம் வந்தது, முகம் வந்தது, ஆனால் மார்பில் இருக்கும் அந்த மெல்லிய புள்ளிகளில் ஒன்றுகூடப் பதியவில்லை.

வெளிச்சம் நன்றாக வரட்டும் என்று பத்து மணி வரை காத்திருந்தால் வேறொரு தொல்லை. மறுநடவு நிலமும் செம்மண் சாலையும் சூடேறி, காற்று அலையடிக்கும். ஐந்து மரத் தூரத்துக்கு ஜூம் செய்தால் அந்த அலை படத்தில் தெரியும். கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, நடுவில் இருக்கும் காற்றின் வேலை அது. ஆக, நம் ஊரில் சூரியன் ஏழேகால் மணி வாக்கில் எழுந்தால், நீண்ட ஜூமுக்கு நல்ல நேரம் என்பது சுமார் எட்டிலிருந்து பத்து வரை. அப்புறம் சாயங்காலம் மழை விட்டுக்கொடுத்தால் ஒரு மணி நேரம்.

இன்னொன்று. புதிதாக வாங்கப் போனால் பி950 அவள் பட்ஜெட்டுக்குள் வராது.

பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு கண்ணாடித் துண்டும்

இப்போது என் மனசுக்குப் பிடித்த வழிக்கு வருகிறேன். உற்பத்தியாளர்கள் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் எனும் கண்ணாடியற்ற கேமராக்களுக்கு மாறிவிட்டார்கள். அதனால் நன்றாக ஓடுகிற பழைய டிஎஸ்எல்ஆர்கள் விலை இறங்கிக் கிடக்கின்றன. என்னுடையது கேனன் 700டி, கூட 55-250 மி.மீ. எஸ்டிஎம் ஜூம் லென்ஸ். லென்ஸின் எடை 375 கிராம்தான். இரண்டும் சேர்ந்து பழைய பொருளாக ஆயிரம் வெள்ளிச் சொச்சத்தில் முடிந்தது.

தூரத்துப் பறவைக்கு 250 மி.மீ. ஜூம் போதாது, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூன்று மரத் தூரத்து மீன்கொத்தி படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். ஆனால் ஒரு மரத் தூரத்துக்கு வந்துவிட்டால் அதே மீன்கொத்தி பாதி உயரம் நிற்கும். உணரி பெரியது என்பதால் நிழலிலும் இறகு இறகாகத் தெரியும். ஆகவே இந்தக் கேமராவோடு போகிறவரின் வேலை, மூன்று மரத் தூரத்தை ஒரு மரத் தூரமாக்குவது.

அது தோன்றுகிற அளவுக்குக் கடினம் இல்லை. மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கம்பிக்கு, அதே கிளைக்குத் திரும்பி வரும். பறவை கிளம்பிப் போன நேரத்தில் நீங்கள் ஒரு மரம் முன்னேறி, அடிமரத்தோடு சேர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். திரும்பி வந்தால் முதலில் உங்களைப் பார்க்கும், பிறகு மறந்துவிடும். நான் இருபது நிமிடம் உட்கார்ந்த இடங்களில் பத்தில் ஐந்தாறு முறை இது பலித்திருக்கிறது. மோட்டார்சைக்கிளில் உட்கார்ந்தபடியே எடுப்பது இன்னும் நல்லது. தோட்டத்துப் பறவைக்கு மோட்டார்சைக்கிள் பழகிப்போன பொருள். இறங்கி நடக்கும் ஆளைக் கண்டால்தான் பயம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். பஞ்சுருட்டான் பறக்கும்போது வேண்டுமென்றால் இரண்டாயிரத்தில் ஒரு பங்காவது வை, ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும் என்று அவளிடம் சொன்னேன். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், அசைந்த படத்தை என்ன செய்வது?

சரி, பூச்சிக்கு என்ன செய்வது? தனி மேக்ரோ லென்ஸ் வாங்கினால் பட்ஜெட் போய்விடும். இந்த இடத்தில்தான் அந்தக் கண்ணாடித் துண்டு. ரேநாக்ஸ் டிசிஆர்-150, டிசிஆர்-250 என்று இரண்டு வகை அண்மைக்காட்சி லென்ஸ்கள் உண்டு. லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும்; 52 முதல் 67 மி.மீ. வரையான லென்ஸ் வாய்களுக்குப் பொருந்தும். 150இன் சக்தி 4.8 டயாப்டர், 250இன் சக்தி 8. நம் கணக்கில் சொன்னால், 150ஐப் போட்டுக்கொண்டு பூச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்கலாம். 250க்கு அரைச் சாண். ஒரு சாண் என்பது வண்ணத்துப்பூச்சியும் தும்பியும் பொறுத்துக்கொள்ளக்கூடிய தூரம், அதிலும் காலையில் இறகு ஈரமாக இருக்கும்போது. 250 மி.மீ. ஜூமில் 150ஐப் போட்டால் பூச்சியின் உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாகவும், 250ஐப் போட்டால் இரண்டு மடங்காகவும் உணரியில் விழும். தொடங்குகிறவர் 150ஐ வாங்குவது நல்லது. 250இல் தெளிவு விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மூச்சு விட்டாலே படம் போய்விடும்.

அருகில் எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டும். கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷ் போதும், ஆனால் அப்படியே அடித்தால் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், லென்ஸின் நிழலும் விழும். வெள்ளைப் பிளாஸ்டிக் பால் கலனை வெட்டி, நடுவில் லென்ஸ் நுழைய ஓட்டை போட்டு, ஃப்ளாஷுக்கு முன்னால் குடை போல மாட்டினேன். வெளிச்சம் பரவி மெதுவாக விழுகிறது. எஃப் 11, இருநூறில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 400 என்று வைத்துத் தொடங்கலாம்.

பழைய பொருள் வாங்கும்போது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது: பூஞ்சணம். நம் நாட்டு ஈரக்காற்றில் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படரும். நான் முதலில் வாங்கிய லென்ஸைக் கடையின் குழல்விளக்கில் பார்த்தபோது பளிங்கு போல இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தேன். ஓரம் முழுக்க வெள்ளை நரம்பு. வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த எல்லாப் படமும் பனி மூடியது போல வந்தது. அதனால் டார்ச் இல்லாமல் பழைய லென்ஸ் வாங்கப் போகாதீர்கள். வாங்கிய பிறகும் கேமராவைத் துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் வைக்கக் கூடாது. மின்சார உலர்பெட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் ஒரு சின்ன மானி. 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் முள் நிற்க வேண்டும். இதைச் செய்ய முடியாது என்பவர் லென்ஸ் கேமராவே வாங்காமல் கைப்பேசியோடு இருப்பது மேல்.

நிக்கான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கும் லென்ஸ்கள் பழைய உடல்கள் சிலவற்றில் ஃபோகஸ் ஆகாது. சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கண்ணாடியற்ற புதிய கேமராக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் அற்புதமானது. கேனனின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான். அருகில் போய் வண்ணத்துப்பூச்சியையும் எடுத்துவிடும். பணம் இருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. 2,000 வெள்ளியில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

எங்கே போய் எடுப்பது

இரண்டு அளவுக்கும் சேர்த்து ஒரே இடம் வேண்டுமென்றால் தோட்டத்துச் சாலையோரம். செம்பனை இலையைத் தின்னும் பைப்புழுவைக் கட்டுப்படுத்த, அந்தப் புழுவுக்கு எதிரியான குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று பல தோட்டங்களில் சாலையோரம் பூச்செடி நடுகிறார்கள். டர்னேரா, ஆன்டிகோனன் என்ற இளஞ்சிவப்புக் கொடி, மஞ்சள் பூப் பூக்கும் காசியா. டர்னேரா காலையில் விரிந்து நண்பகல் வாக்கில் சுருங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு சாண் தூரத்தில் தேனீ, குளவி, வண்ணத்துப்பூச்சி எல்லாம் கிடைக்கும். அதே வரிசையில் ஒரு மரத் தூரத்தில் தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் வரும்.

எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டங்களில் கூகைக்குக் கம்பத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். அதை எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. முட்டையும் குஞ்சும் இருக்கும் பெட்டியைத் தட்டுவதும், ஏணி வைத்து எட்டிப் பார்ப்பதும், ஃப்ளாஷ் அடிப்பதும் பெரிய பாவம். தாய்ப்பறவை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். சாயங்காலம் இரண்டு மரத் தூரத்தில் மறைந்து உட்கார்ந்தால், இருட்டும் நேரத்தில் அதுவே வெளியே வந்து பெட்டியின் வாசலில் நிற்கும். படம் சுமாராகத்தான் வரும். அது போதும்.

தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு நுழையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எந்தப் பக்கம் மருந்து அடிக்கிறார்கள், எந்தப் பக்கம் பழம் வெட்டுகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். குலையும் மட்டையும் விழும் இடத்தில் மேலே பார்த்துக்கொண்டு கேமராவோடு நிற்பது ஆபத்து. அடுக்கி வைத்த மட்டைக் குவியலில் நாகம் இருக்கும். எலி இருக்கும் இடத்தில் அது இல்லாமல் இருக்காது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடாமல் பூச்சி தேடி மண்டியிட வேண்டாம்.

படகில் போய்ப் பார்க்கும் கம்போங் குவாந்தான் ஆற்றோர மின்மினியை எடுக்கலாமா என்று அவள் கேட்டாள். ஆடும் படகில், ஃப்ளாஷ் இல்லாமல், இருட்டில் மேலே சொன்ன மூன்றில் எதுவும் உருப்படியாக எடுக்காது. அங்கே கண்ணால் பார்ப்பதுதான்.

அவள் எடுத்த முடிவு

ஒரு வார நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தவற்றில் பாதிக்கு மேல் சாண் கணக்கு: புழு, தும்பி, பெரணி, தொட்டாற்சிணுங்கிப் பூ. மீதியில் பெரும்பாலானவை இரண்டு மரத் தூரத்துக்குள். ஐந்து மரத் தூரத்தில் எழுதியிருந்தது குட்டையில் நின்ற செந்நாரையும் மேலே சுற்றிய செம்பருந்தும் மட்டும்தான். பருந்துக்கு நேராக "கன்னத்தில் போட்டுக்கொண்டேன், எடுக்கவில்லை" என்று குறிப்பு. நோட்டே பதில் சொல்லிவிட்டது. செடிக்கு அவளிடம் இருக்கும் கைப்பேசி, மற்றதற்குப் பழைய டிஎஸ்எல்ஆர், 55-250, ரேநாக்ஸ் 150. டார்ச்சோடு போய் இரண்டு லென்ஸைத் தள்ளிவிட்டு மூன்றாவதை வாங்கினோம். உலர்டப்பா, ஜெல், மானி எல்லாம் சேர்த்தும் 2,000 வெள்ளியில் மிச்சம் இருந்தது. நோட்டில் ஐந்து மரத் தூரம் அதிகமாக இருந்திருந்தால், இன்னும் கொஞ்சம் சேர்த்து பிரிட்ஜ் கேமரா வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதல் மாதம் அவள் எடுத்ததில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ரேநாக்ஸ் 250ஐ இரவல் வாங்கிக்கொண்டு, அனுமதி கேட்டு இளஞ்செம்பனைப் பக்கம் போயிருந்தாள். ஆண் பூங்கொத்து இடுப்பு உயரத்தில் மலர்ந்து, சோம்பு வாசம் அடித்துக்கொண்டிருந்ததாம். அதன்மேல் நூற்றுக்கணக்கில் மூக்கன் வண்டு. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். கண்ணுக்குப் பழுப்பு எள் போலத்தான் தெரியும். படத்தில் நீண்ட மூக்கு, உணர்கொம்பு, உடம்பெல்லாம் ஒட்டிய மகரந்தத் தூள். எலைடோபியஸ் காமெருனிகஸ் என்று பெயர். கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதற்கு முன் பல தோட்டங்களில் ஆட்கள்தான் மகரந்தத்தை டால்க் பொடியோடு கலந்து, குழாயால் பெண் பூவில் ஊதி வந்தார்கள். என் அம்மா அந்த வேலை செய்தவர்.

அவள் மடிக்கணினியைப் பாட்டியின் முன்னால் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இதுதானா அது?" என்றார். "இது வந்த அப்புறம்தான் எங்களைக் களை வெட்டப் போட்டாங்க. இத்தனை வருசமா பூவுல சோம்பு வாசம் அடிக்கும்போதெல்லாம் நெனைச்சுக்குவேன், மூஞ்சியப் பார்த்ததே இல்ல." அப்புறம் விரலைத் திரையில் வைத்து, மகரந்தம் ஒட்டியிருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பாரு, எங்க மேலயும் இப்படித்தான் ஒட்டியிருக்கும்."